மெல்பேர்னில் மூடப்பட்ட ஒரு வலைப்பந்து அணியும் எங்கட ஊர்ப் பேச்சும்



பெண் பிள்ளைகளுக்கென்று ஊரில் ஒரு வலைப்பந்து அணி தொடங்க வேண்டும், இருக்கிற கிரிக்கெட் கழகத்தோடு சேர்த்தே நடத்தினால் செலவும் குறையும் என்று சில நாட்களாகப் பேச்சு அடிபடுகிறது. பேச்சை எடுத்தவர்களுக்கு ஜஸாக்கல்லாஹு ஹைரா. ஓ.எல். வரைக்கும் பாடசாலை அணியில் ஆடிவிட்டு, அதன் பிறகு பந்தையே தொடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த "சேர்த்தே" என்ற சொல்லில்தான் எங்களுக்குக் கொஞ்சம் தயக்கம். ஏன் என்று சொல்ல அவுஸ்திரேலியா வரைக்கும் போய் வர வேண்டியிருக்கிறது.

மெல்பேர்னில் கொலிங்வூட் என்றொரு கழகம். 1892இல் தொடங்கியது. நீள்வட்டப் பந்தோடு ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்துதான் அதன் உயிர். அந்த நாட்டிலேயே பெரிய ரசிகர் கூட்டம் உள்ள கழகங்களில் ஒன்று. 2016 வரை அவுஸ்திரேலியாவின் ஐந்து வலைப்பந்து அணிகளும் நியூசிலாந்தின் ஐந்து அணிகளும் ஒரே தொடரில் ஆடின. 2017இல் அவுஸ்திரேலியா தனியாகப் பிரிந்து எட்டு அணிகளோடு சுப்பர் நெட்போல் தொடரை ஆரம்பித்தது. பழைய ஐந்தோடு புதிதாக மூன்று. அந்த மூன்றுக்கும் பின்னால் ஆண்களின் பெரிய கழகங்கள் நின்றன. மூன்றில் ஒன்றுதான் கொலிங்வூட் மெக்பைஸ்.

விக்டோரியாவின் கிராமங்களில் இது புதினமே இல்லை. சனிக்கிழமை ஆண்கள் உதைபந்து ஆடுவார்கள், பக்கத்துத் திடலில் அதே கழகத்தின் பெண்கள் வலைப்பந்து ஆடுவார்கள். குடும்பமே வந்து இரண்டையும் பார்க்கும். கிராமத்தில் நடப்பது நகரத்தில் நடக்காதா என்ற நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

ஆட்களிலும் குறை வைக்கவில்லை. ஷார்னி லேட்டன், மடி ரொபின்சன், கெயிட்லின் த்வெய்ட்ஸ் என்று தேசிய அணி வீராங்கனைகளையே எடுத்தார்கள். 2019இல் இங்கிலாந்தின் ஜீவா மென்டர் வந்தார். ஆஷ் பிராசில் அதே கழகத்துக்காக வலைப்பந்தும் பெண்கள் உதைபந்தும் ஆடினார். 2017, 2019, 2022 ஆகிய பருவங்களில் அணி முதல் நான்குக்குள் வந்தது. இறுதிப் போட்டியை மட்டும் ஏழு பருவத்திலும் காணவில்லை.

அதே நேரத்தில் பிறந்த சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங் 2017, 2018 இரண்டு வருடமும் சம்பியன். அவர்களுக்குப் பின்னாலும் ஒரு ரக்பி கழகம் இருந்தது, கூடவே ஒரு பல்கலைக்கழகமும் இருந்தது. ஆனால் அந்த அணிக்குச் சொந்தப் பெயரும் சொந்த ஊரும் இருந்தன. அந்தக் கரையோர மக்களுக்கு அது "எங்கள் அணி". மெக்பைஸுக்கோ பெயர் ஆண்கள் கழகத்தின் பெயர், கறுப்பு வெள்ளை ஜேர்சியும் அவர்களுடையது. ஊரிலோ 2008 முதலே மெல்பேர்ன் விக்சன்ஸ் என்ற வலைப்பந்து அணி வேரூன்றி இருந்தது. வலைப்பந்து ரசிகர்கள் ஏற்கெனவே விக்சன்ஸ் பக்கம். உதைபந்து ரசிகர்கள் பெரும் கூட்டமாக இந்தப் பக்கம் வரவேயில்லை.

2023 மே மாதம் கழகம் அறிவித்தது: இந்தப் பருவத்தோடு வலைப்பந்தை நிறுத்துகிறோம். அதே செப்டெம்பர் 30ஆம் திகதி கொலிங்வூட் ஆண்கள் அணி பிரிஸ்பேன் லயன்ஸை 4 புள்ளிகளால் வென்று சம்பியனானது. கழகம் வறுமையில் விழுந்து அணியை மூடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

"நட்டத்தில் ஓடியதை எத்தனை நாளைக்குச் சுமப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வலைப்பந்தில் பெரிய காசு இல்லை, கொரோனா காலத்தில் 2020 பருவம் முழுவதையும் குயின்ஸ்லாந்திலேயே வைத்து நடத்த வேண்டி வந்தது. ஆனால் நட்டம் வந்தால் எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் இருந்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. தலைமைத் தொழில் உதைபந்தாக இருக்கும் வீட்டில் வலைப்பந்து எப்போதும் விருந்தாளிதான். 2017இலேயே தொடங்கிய அதே கழகத்தின் பெண்கள் உதைபந்து அணி இன்றும் இருக்கிறது. பெண்கள் என்பதால் மட்டும் வெட்டவில்லை, அது வேறொருவருடைய விளையாட்டு என்பதால் வெட்டினார்கள் என்பதே எங்கள் கணிப்பு.

அந்த இடத்துக்கு 2024இல் மெல்பேர்ன் மேவரிக்ஸ் என்ற புது அணி வந்தது. தொடருக்கு எட்டு அணி என்ற கணக்கு சரியாகிவிட்டது. மெக்பைஸ் வீராங்கனைகள்தான் வேறு வேறு அணிகளில் இடம் தேடினார்கள். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரிகள், தேடிக்கொள்ள இடம் இருந்தது. எங்கட பிள்ளைக்கு அணி ஒன்று கலைந்தால் அடுத்த அணி எங்கே இருக்கிறது?

கிரிக்கெட் கழகம் பொறுப்பெடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அவர்களிடம் ஆள் பலம் இருக்கிறது, அனுசரணையாளர்களையும் தெரியும். ஆனால் பெண்கள் அணிக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். தீர்மானம் எடுக்கும் குழுவில் உம்மாமாரும் பழைய ஆட்டக்காரிகளும் பேருக்கு இல்லாமல் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். உடுப்பு, நேரம், மறைப்பு பற்றியெல்லாம் அவர்களே பேசித் தீர்க்கட்டும், அதற்கு ஆண்கள் கூட்டம் போடத் தேவையில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானம் அவர்களுக்கென்று எழுத்தில் இருக்க வேண்டும். கடின பந்துச் சுற்றுப்போட்டி வந்தாலும் அந்த இரண்டு பின்னேரத்தில் கை வைக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிடுவார்கள், மைதான விஷயத்தில்தான் இழுபறி வரும்.