தந்தியும் நாதமும்

மின்சாரக் கிதார் பயிலும் மாணவ நண்பர்கள் கருவியின் வடிவையும் வர்ணத்தையும் குறித்து நெடுநேரம் தர்க்கிப்பர். அதன் ஆறு தந்திகளைக் குறித்தோ, கடைக்காரர் கொடுத்ததே போதுமென்றிருப்பர். இது முறையன்றென்பது நம் கருத்து.

இக்கருவியில் காந்தத்தின்மீது எஃகுத் தந்தி அதிருங்கால், அக்காந்தத்தைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831-ஆம் ஆண்டில் பாரடே கண்டுணர்ந்த மின்தூண்டலே இது. ஆதலின் காந்தம் ஈர்க்கும் உலோகமே இதற்குரியது. நைலான் தந்தி ஊமையாகும். வெண்கலம் சுற்றிய தந்தி மெலிந்தொலிக்கும்.

தடித்த தந்திகளில் தூய நிக்கல் சுற்றியவை கனிந்த நாதம் தருவன. துருவேறா எஃகு சுற்றியவை கூரிய நாதமுடையன; வியர்வையை நன்கு தாங்குவன; ஆயின் மெட்டுக்களை விரைவில் தேய்ப்பன. நிக்கல் பூசிய எஃகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. முதல் தந்தி 0.010 அங்குலமும் ஆறாந்தந்தி 0.046 அங்குலமும் பருமனுள்ள இவ்வகைத் தொகுதியே பெரும்பாலார்க்கு ஏற்றதென்போம்.

இனி, தந்தி கெடுவது எதனால்? வியர்வையின் உப்பும் விரலின் எண்ணெயும் அழுக்கும் சுற்றுக்களின் இடுக்கிற் புகுகின்றன, மெட்டுக்கள் பட்டுப்பட்டுப் பள்ளம் விழுகிறது, துரு ஏறுகிறது. கடற்காற்று வீசும் ஊர்களில் இக்கேடு விரைந்து நிகழும். இதைத் தடுக்க மெல்லிய பிளாஸ்டிக் உறையிட்ட தந்திகள் விற்கப்படுகின்றன. அவற்றின் விலை மிகுதி. உறை நாதத்தைச் சற்றே மங்கச் செய்யுமென்பாருமுளர். எனினும் துருவேறிய தந்தியின் மங்கல் அதனினும் பெரிதன்றோ? பலர் கைமாறி வாசிக்கும் பொதுக் கருவிக்கு அவையே சிக்கனம். தன் கருவியைத் தானே வாசிப்பவன், கை கழுவித் தொட்டு, வாசித்தபின் துடைப்பானாயின், உறையில்லாத் தந்தியே அவனுக்குப் போதும்.

அறுந்தாலன்றி மாற்றோமென்பது சிக்கனமாகாது. கெட்ட தந்தி, எவ்வளவு திருத்தினும் சுருதியில் நில்லாது. அதிற் பயிலும் இளைஞன், தந்தியின் குற்றத்தைத் தன் விரலின் குற்றமென்றெண்ணி, மனஞ்சோர்ந்து கருவியையே கைவிடுகிறான். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி ஒரு வித்தையை இழப்பது பேதைமையேயாம்.

ஆதலின் பொதுக் கருவி உள்ள இடந்தோறும் ஒரு பருத்தித் துணியும் இருப்பதாக. இறுதியில் வாசித்தவன் தந்திகளைத் துடைத்து வைத்தல், அடுத்து வாசிப்பவனுக்குச் செய்யும் கடமையென்று கொள்வோமாக.