மஞ்சள் கட்டைகளை அப்படியே விடுங்கள்

பியானோ வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம் கிடையாது. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி பியானோ இருக்கிற வீடு எது என்று கேட்டால் என் வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். அதனால் யோசனை கேட்பவர்களும் என்னிடமே வருகிறார்கள். பேத்திக்கு டிரினிட்டி பரீட்சை, பழைய பியானோ ஒன்று மலிவாகக் கிடைத்தது, கட்டைகள் எல்லாம் பல் மாதிரி மஞ்சளாக இருக்கின்றன, வெளுக்க என்ன போடலாம்? முக்கால்வாசிப் பேரின் கேள்வி இதுதான். எலுமிச்சம்பழம், வினிகர், பற்பசை, சமையல் சோடா என்று ஒரு பட்டியலையும் கூடவே கொண்டுவருவார்கள்.

ஒன்றும் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். கேட்டவர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆகவே விவரமாக எழுதிவிடுகிறேன்.

தமிழில் நாம் இவற்றைக் கட்டை என்கிறோம். ஆர்மோனியத்திலிருந்து வந்த பழக்கம். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இதற்கு 'தூஷ்' என்று பெயர். தொடுவது என்கிற சொல்லிலிருந்து வந்தது. எனக்கு நம் சொல்தான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அது உண்மையிலேயே கட்டைதான். நீளமான ஒரு மரத்துண்டு. நாம் பார்ப்பது அதன் நுனி மட்டுமே. வெள்ளையாகத் தெரிவது அதன் மேல் ஒட்டியிருக்கும், ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம் என்கிற மெல்லிய தகடு. ஈரம் அந்தத் தகட்டுக்கு அடியில் போனால் கோந்து விடும், மரம் ஊதும். பியானோவைத் துடைக்கும்போது மரச்சாமானைத் துடைக்கிறோம் என்ற நினைப்பு இருந்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

என் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுப் பியானோ புதிதல்ல. 1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல பிரான்சுக்குக் கிளம்பின. அப்படிக் கிளம்பிய ஒரு சொல்தா வீட்டிலிருந்து என் அப்பா வாங்கியது. ப்ளேயெல் கம்பெனி. இப்போதைய பியானோக்களில் 88 கட்டைகள். இதில் 85 தான். வெள்ளை 50, கறுப்பு 35. மேல்கோடியில் மூன்று குறைகிறதே என்று இதுவரை யாரும் வருத்தப்படவில்லை. புதுச்சேரியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து செவ்வாப்பேட்டை என்று லாரியில் இரண்டு பயணம் செய்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பழுது பார்க்க வந்த ஒருவர், "இந்த மஞ்சளை எல்லாம் பெயர்த்துட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிடலாம்மா, புதுசு மாதிரி ஆயிடும். பழசை நானே எடுத்துக்கிறேன், கூலியில கழிச்சுக்கலாம்" என்றார். என் மகனுக்கும் சம்மதம். நான் ஒப்பவில்லை. பழசை நானே எடுத்துக்கிறேன் என்றதும் இத்தனை வருடம் கோப்பு பார்த்த எனக்கு உறைத்துவிட்டது. அந்தத் தகடுகள் யானைத் தந்தம்.

தந்தமா பிளாஸ்டிக்கா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தந்தத்தில் ஒரு கட்டைக்கு இரண்டு துண்டு இருக்கும்: முன்னால் அகலமானது ஒன்று, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே போகும் ஒடுங்கியது ஒன்று. இரண்டும் சேருமிடத்தில் முடி போல ஒரு கோடு தெரியும். சாய்த்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போன்ற மெல்லிய ரேகை ஓடும். எலும்பாக இருந்தால் ரேகைக்குப் பதில் சின்னச் சின்னக் கரும்புள்ளி இருக்கும். பிளாஸ்டிக் என்றால் ஒரே துண்டு, ரேகை கிடையாது.

தந்தம் மஞ்சளாவது அழுக்கால் மட்டும் என்று நினைக்கக் கூடாது. இருட்டில் கிடந்தால் தானாகவே மஞ்சளாகும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிட்டன் என்று இரண்டு ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபாரிலிருந்து கப்பலில் போன தந்தம் அங்கேதான் பியானோத் தகடுகளாக அறுபட்டது. அறுத்த தகடுகளைக் கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட கொட்டகைகளில் அடுக்கி, வாரக்கணக்கில் வெயிலில் காய வைத்துத்தான் வெளுக்கச் செய்தார்கள். ஆகவே மூடியைப் பூட்டி, மேலே பட்டுத்துணி போர்த்தி, அதன் மேல் பொம்மைகள் வைத்துப் 'பாதுகாக்கும்' வீடுகளில்தான் கட்டைகள் சீக்கிரம் மஞ்சளாகின்றன. தினம் காலையில் ஓரிரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், பெட்டியின் பலகை வெடித்துவிடும். வெளிச்சம் போதும்.

எலுமிச்சையும் வினிகரும் ஏன் கூடாது? தந்தம் பல்லின் இனம். சுண்ணாம்புச் சத்து உள்ள பொருள். புளிப்பு அதை அரிக்கும். பற்பசையும் உப்புத்தாளும் தேய்த்து மெலிதாக்கும். ஒரு மில்லிமீட்டரில் எவ்வளவைத் தேய்ப்பது? தேய்த்த அன்று பளிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து மனம் மகிழும். வழவழப்பு போனால் விரல் வியர்வையை அது இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

கொரோனா சமயத்தில் இதைவிட மோசமானதைப் பார்த்தேன். தெரிந்த ஒரு பிள்ளை படிக்கும் பள்ளியில், ஒவ்வொரு மாணவர் வாசித்து எழுந்ததும் சானிடைசரைக் கட்டைகள் மேல் நேராகத் தெளித்தார்கள். ஸ்பிரிட் பிளாஸ்டிக்கை நுணுக்கமாக வெடிக்க வைக்கும், பாலிஷைக் கரைக்கும், கட்டைகளின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். கையில் போட வேண்டியதைக் கட்டையில் போட்டார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்காரச் சொல்லியிருந்தால் வியாதிக்கும் நல்லது, பியானோவுக்கும் நல்லது.

எங்கள் பள்ளியில் அதுதான் சட்டம். வகுப்பெடுத்த மாசேர், கையைக் கழுவி, துடைத்து, இரு பக்கமும் திருப்பிக் காட்டினால்தான் ஸ்டூலில் உட்கார விடுவார். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிற நாங்கள் பாட்டு நடுவே முடியை ஒதுக்கினால்கூட மறுபடி எழுந்து போய்க் கழுவ வேண்டும். அன்று கோபமாக வந்தது. இப்போது பேத்தியிடம் நானும் அதையே சொல்கிறேன். முறுக்கு தின்ற கை என்றால் இன்னும் கண்டிப்பு. கட்டைகளில் ஏறும் கறுப்பில் பெரும்பங்கு நம் கையிலிருந்து வருவது.

மீதி வெளியிலிருந்து வருகிறது. திருவள்ளூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: லாரிகள், செங்கல் சூளைகள், காலையில் துடைத்த மேஜையில் மாலையில் பெயர் எழுதலாம். அதற்குத் துணி போதும். பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு துண்டு. ஒன்றை நனைத்து, ஒரு சொட்டு குளியல் சோப்பு நீர் காட்டி, ஒரு துளிகூட வராத அளவுக்குப் பிழிய வேண்டும். நாலைந்து கட்டைகளாக எடுத்து, உள்ளிருந்து நம்மை நோக்கித் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு இடுக்கில் போய்ச் சேரும். உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்த நாலு. கறுப்புக் கட்டைகளுக்குத் தனித் துணி, இல்லையென்றால் அந்தச் சாயம் வெள்ளையில் ஏறும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டவே வேண்டாம். என் வீட்டில் மாதம் ஒருமுறை, அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் கட்டை அழுத்தினால் எழும்பாமல் மாட்டிக்கொள்ளும். அப்போது தையல் மிஷின் எண்ணெயை விடுகிற புத்திசாலிகள் உண்டு. கட்டைக்குள் உலோக ஆணியைச் சுற்றிக் கம்பளித் துணி வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் மரமும் கம்பளியும் ஊதிப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் விட்டால் கம்பளி பசையாகி நிரந்தரமாகவே பிடிக்கும். தை மாதம் வரை பொறுத்தால் பாதி தானாக விடுபடும், மீதியை டியூனர் அதற்கான குறடால் லேசாக அழுத்தித் தளர்த்துவார். நல்ல டியூனர் வேண்டுமானால் மவுண்ட் ரோடில் 1842-லிருந்து இருக்கிற மியூசே மியூசிகல் போன்ற கடையில் விசாரியுங்கள். சுத்தமான பிரெஞ்சுப் பெயர் அது. அதை ஆட்டோக்காரருக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டைத் தனிப் பதிவாக எழுதலாம்.

தந்தத்தை வைத்துக்கொள்வது பாவமில்லையா என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த 50 கட்டைகளுக்காக எங்கோ ஒரு யானை செத்திருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 1991 திருத்தத்துக்குப் பிறகு ஆப்பிரிக்கத் தந்தத்தையும் வாங்கவோ விற்கவோ வழியில்லை. புதுப் பியானோக்களுக்குப் பிளாஸ்டிக்தான் சரி. 1980-களில் யமஹா பால் புரதத்திலிருந்துகூட ஒரு மாற்றுத் தகடு செய்தது, நல்ல முயற்சி. ஆனால் நூறு வருடத்துக்கு முன் ஒட்டியதைப் பெயர்த்துக் கூலியில் கழிக்கக் கொடுத்தால் அது எங்கே போகும்? மோதிரமாகவோ கைப்பிடியாகவோ திருட்டுச் சந்தைக்குத்தான் போகும். ஒட்டிய இடத்திலேயே இருந்து ஒரு பிள்ளை வாசித்துப் பழகட்டும் என்பது என் கட்சி. மருமகள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பியானோ மட்டும் அப்படியே இருக்கிறது, மஞ்சளாக.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது ஒரு தகடு கழன்று விழுந்தால் பெவிக்விக்கைத் தேடி ஓடாதீர்கள். தந்தம் லேசாக ஒளி ஊடுருவும் பொருள், அடியில் உள்ள கோந்தின் நிறம் மேலே தெரியும். அதனால்தான் பழைய தொழிலாளிகள் வெள்ளைக் கோந்து வைத்து ஒட்டினார்கள். விழுந்ததைக் கழுவ வேண்டாம், ஒரு காகித உறையில் போடுங்கள். இடது கோடியிலிருந்து எத்தனையாவது வெள்ளைக் கட்டை, முன்துண்டா பின்துண்டா, விழுந்த தேதி என்ன என்று உறையின் மேல் எழுதி, டியூனர் வரும்வரை பியானோவின் மேலேயே வையுங்கள்.