பேட்டரியைக் கழற்றும் முன் ஜாக்கைப் பாருங்கள்

போன ஆடி மாதம், விருத்தாசலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. கூழ் ஊற்றி முடித்து ராத்திரி பத்து மணிக்கு எங்கள் மெல்லிசைக் கச்சேரி. நாலாவது பாட்டின் நடுவில் என் பேஸ் கிட்டார் ஊமையாகிவிட்டது. பையில் இருந்த புது 9 வோல்ட் பேட்டரியை அவசரமாக மாற்றினேன். ஒரு சரணம் வாசித்தது, மறுபடியும் நின்றது. மீதிக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கும் தம்பிதான் இடது கையால் பேஸைச் சமாளித்தான். குத்துப்பாட்டுக்கு அடியில் அந்தக் கனமான சத்தம் இல்லாவிட்டால் கால் எழும்பாது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மேடையில் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். செத்துப்போனது என்று நான் கழற்றிய பேட்டரி 8.9 வோல்ட் காட்டியது. அதில் ஒரு குறையும் இல்லை. ஜாக்குக்குள் இருந்த மெல்லிய தகடு ஒன்றுதான் விறைப்பு இழந்து கேபிளின் பின்னைத் தொடாமல் நின்றது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதை லேசாக அழுத்தினால் சத்தம் வந்தது, விட்டால் போனது.

நான் கச்சேரியில் பேஸ் வாசிக்கிறேன். பகலில் கிட்டார், ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறேன். உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ள ஆக்டிவ் கிட்டார்களும், சர்ச்சுகளில் அதிகம் வாசிக்கப்படும் ப்ரீஆம்ப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார்களும் என்னிடம் வரும்போது, “பேட்டரி நிக்கவே மாட்டேங்குதுண்ணே” என்றுதான் சொல்கிறார்கள். பாதிக்குப் பாதி பேட்டரியில் கோளாறு இருப்பதில்லை. நல்ல பேட்டரிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, தேய்ந்த ஜாக்கை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். வாங்கும்போது கடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கேட்கிறேன்.

இந்தக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் தனி சுவிட்ச் கிடையாது, ஜாக்தான் சுவிட்ச். வெளியே பார்க்க ஒரு துளைதான், உள்ளே மூன்று தொடுமுனைகள் இருக்கும். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று பூமி இணைப்புக்கு. நடுவில் இருப்பதில் பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கட்டியிருப்பார்கள். பின்னைச் செருகியதும் அதன் நீண்ட உலோக உடம்பு நடுத்தகட்டையும் பூமித் தகட்டையும் ஒருசேரத் தொடும். அந்த நொடியில் பேட்டரி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பின்னை உருவினால் அணைகிறது. 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் வந்த பிறகு ஆக்டிவ் மின்சுற்று மேடைகளில் சகஜமாகிவிட்டது. ஆனால் அந்தக் கால் அங்குல ஜாக் அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. 1878 வாக்கில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் கையால் இணைப்புக் கொடுப்பதற்காக வந்த பொருள் அது. நாள் முழுக்கச் செருகி உருவுவதற்கென்றே பிறந்ததை, இன்றைக்கு மலிவான பிளாஸ்டிக்கிலும் தகரத்திலும் செய்து கிட்டாரில் வைக்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிறார்களே, அதைக் காட்டுவேன். பீங்கான் எத்தனை வருஷமானாலும் கெடாது. கெடுவது அதற்குள் இருக்கும் உலோகத் தகட்டின் பிடிப்பு. பிடிப்பு தளர்ந்தால் வீட்டில் விளக்கு மினுக்கும், கட்டை சூடாகும். பியூஸ் கம்பியை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது. கிட்டாரிலும் அதே லூஸ் காண்டாக்ட்தான்.

“அப்போ பின்னை உருவணுமா, விடணுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உருவ உருவ ஜாக் தேயும், விட்டுவைத்தால் பேட்டரி தீரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லியாம்ப்-மணி இருக்கும். 1 மில்லியாம்ப் இழுக்கிற ப்ரீஆம்ப் என்றால் 500 மணி நேரம். மாதம் எட்டுக் கச்சேரி, கச்சேரிக்கு நாலு மணி நேரம் என்றாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். அதே கிட்டாரைப் பின்னோடு பீரோ ஓரம் சாய்த்து வைத்துவிட்டால் மூன்று வாரத்தில் கதை முடிந்துவிடும். ஆகவே டீ இடைவேளையில் உருவ வேண்டாம், அரை மணி நேரத்தில் ஒன்றும் குறையாது. வீட்டுக்குக் கிளம்பும்போது கட்டாயம் உருவுங்கள். வாசிக்கும்போது கேபிளை ஸ்ட்ராப்புக்கு உள்ளே ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள். யாராவது கேபிளை மிதித்தால் இழுப்பு ஸ்ட்ராப்போடு நின்றுவிடும், ஜாக்குக்குப் போகாது. ஜாக்கின் நட் தளர்ந்திருந்தால் அன்றைக்கே முடுக்குங்கள். தளர்ந்த ஜாக் உள்ளே சுழலும், ஒயர் முறுகி ஈயப் பற்று விட்டுப்போகும்.

தனி சுவிட்ச் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கச்சேரி முடிந்த களைப்பில் பின்னை உருவாமல் யாரும் கிட்டாரைப் பைக்குள் போட முடியாது, சுவிட்சை அணைக்கத்தான் மறப்பார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு, பொருள்தான் மட்டம். விலை குறைந்த கிட்டார்களில் பேட்டரிப் பெட்டியையும் ஜாக்கையும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வார்த்துவிடுகிறார்கள். தகடு ஒன்று தளர்ந்தால் மொத்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும். அதே அளவில் இன்னொன்று கிடைப்பதற்குள் அந்தப் பிள்ளை வாசிப்பதையே விட்டுவிடுகிறான். இது எனக்குப் பெரிய வருத்தம். தயாரிப்பவர்கள் தகடு கண்ணுக்குத் தெரிகிற திறந்த உலோக ஜாக்கை, நட்டைக் கழற்றினால் கையோடு வருகிற மாதிரி வைக்க வேண்டும். விற்பவர்கள், “வாசிக்காதபோது பின்னை உருவவும், ஜாக் தேயும் பொருள்” என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

போன வாரம் சர்ச்சில் வாசிக்கிற ஒரு பையன் வந்தான், கல்லூரி முதல் வருஷம். இந்த வருஷம் மட்டும் ஆறு பேட்டரி மாற்றியதாகச் சொன்னான். கடைசியாகக் கழற்றியது சட்டைப் பையிலேயே இருந்தது. வாங்கி அளந்தேன், 8.6 வோல்ட். ஜாக்கை மாற்றி, ஈயம் வைத்து, அதே பேட்டரியை உள்ளே போட்டு ஆம்பில் செருகிக் கொடுத்தேன். ஒரு கார்டு மீட்டினான், சத்தம் கணீரென்று வந்தது. பிறகு பேட்டரி மூடியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, உள்பக்கம் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியை எழுதிக் கொடுத்தேன்.