கடன்படாதவன் வீட்டுக் கீரை

நீர்நிலையின் கரையில் தம்பியர் நால்வரும் உயிரற்றுக் கிடக்க, தருமபுத்திரர் யட்சனின் வினாக்களுக்கு விடையளித்த வரலாறு மகாபாரதத்தின் வன பருவத்தில் வருகிறது. மகிழ்ச்சியோடு வாழ்பவன் யார் என்பது அவ்வினாக்களுள் ஒன்று. பொழுது சாயும் வேளையில்தான் கீரை சமைத்து உண்ண முடிகிறது என்றாலும், கடன்படாமலும் பிழைப்புக்காக அயலூர் செல்லாமலும் தன் வீட்டில் இருப்பவனே மகிழ்கிறான் என்றார் தருமர். சூதாட்டத்தில் நாட்டையும் உடன்பிறந்தாரையும் பணயம் வைத்து இழந்தவர் கூறிய விடை இது. பட்டறிந்தவர் சொல் அல்லவா?

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் வழியில் உள்ள திருச்சேறையில், சாரபரமேஸ்வரர் திருக்கோயிலில் ருண விமோசன லிங்கேஸ்வரர் எழுந்தருளியுள்ளார். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். கடன்பட்டோர் 11 திங்கட்கிழமைகள் இங்கு அர்ச்சனை செய்து வேண்டிக்கொள்வது வழக்கம். பதினொரு வாரமும் கடன் வாங்கிய பணத்தில் வாடகைக் கார் அமர்த்தி வருவோரும் உண்டு. அவர்களுடைய வேண்டுதல் இறைவனுக்கே சற்றுச் சங்கடம் தரக்கூடும். பேருந்தில் வருபவருக்கும் அதே தரிசனம்தான். அந்தப் பதினொரு வாரங்களில் புதிதாக ஒரு ரூபாயும் கடன் வாங்குவதில்லை என்று இல்லத்தார் அனைவரும் சங்கற்பம் செய்துகொண்டால், விரதம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும்.

வட்டியின் இயல்பைப் பல வீடுகளில் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 2 வட்டி என்பது காதுக்குச் சிறிதாக ஒலிக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 ரூபாய். மகளின் திருமணத்திற்காக 2,00,000 ரூபாய் கைக்கடன் வாங்கிய குடும்பம் மாதந்தோறும் 4,000 ரூபாய் வட்டி கட்டுகிறது. ஐந்து ஆண்டுகளில் 2,40,000 ரூபாய் சென்றுவிடும். அசல் அப்படியே நிற்கும். அதே குடும்பம் மாதம் 8,000 ரூபாய் செலுத்தி, வட்டி போக எஞ்சியதை அசலில் கழித்துக்கொண்டே வந்தால், மூன்று ஆண்டுகள் நிறையும் முன்னரே கடன் தீர்ந்துவிடும். கூடுதலாகத் தேவைப்பட்டது மாதம் 4,000 ரூபாய். செலுத்தும் ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். கடன் முடிந்த அன்றே நோட்டைத் திரும்பப் பெறுதல் வேண்டும். கொடுத்தவர் நல்லவர் என்பதற்காக இதனை விட்டுவிடலாகாது.

அந்த 4,000 ரூபாய் எங்கிருந்து வரும்? மளிகைப் பொருள்களைத் தவணை அட்டையில் வாங்காமல், மாதத் தொடக்கத்தில் பட்டியலிட்டு ரொக்கத்தில் வாங்கும் வீட்டில் ஒரு பகுதி மிஞ்சும். கடையிலிருந்து வரவழைக்கும் சிற்றுண்டியை நிறுத்தினால் மற்றொரு பகுதி. அதற்கும் மேற்பட்ட வழி, பெட்டிக்குள் உறங்கும் நகை. வங்கியில் நகையை ஈடு வைத்துப் பெறும் கடனுக்கு வட்டி, கைக்கடன் வட்டியில் பாதிக்கும் குறைவு. பாட்டியின் காசுமாலையை விற்க மனம் வராதது இயல்பே. ஆயினும் அவள் அதனைச் சேர்த்தது குடும்பத்தின் இடர்க்காலத்திற்காகத்தான். அதற்குரிய காலம் வந்திருக்கிறது.

முதியோர் தனியே எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. மகனோ மருமகனோ ஜாமீன் கையெழுத்துக் கேட்கும்போது, மறுத்தால் பாசக் குறைவு என்று கருதுவார்களோ என அஞ்சிப் பலர் ஒப்பமிட்டு விடுகின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்குரிய பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. குடியிருக்கும் ஒரே வீட்டின் பத்திரத்தைக் கொடுப்பது இதனினும் கடியது. எழுபது வயதில் கூரையை இழந்தவர் மீண்டும் சம்பாதித்து அதனைப் பெறுவது எங்ஙனம்? மாதம் இவ்வளவு தருகிறேன், பத்திரம் தரமாட்டேன் என்று கூறும் தந்தை பிள்ளைக்குத் தீங்கு செய்தவர் ஆகார். நாளை அப்பிள்ளைக்கே ஒதுங்க இடம் வேண்டியிருக்கலாம்.

தேவ, ரிஷி, பித்ரு ருணங்கள் மூன்றோடு மனிதன் பிறக்கிறான் என்பது வேதநெறி. இவற்றைத் தீர்க்க வட்டிக்குப் பணம் வாங்குவது ஒரு கடனுக்கு மற்றொரு கடனை ஈடாக்குவதாகும். திவசத்திற்குப் பத்துப் பேரை அழைத்து விருந்து வைக்க இயலவில்லையே என வருந்துவோர்க்கு விஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சம் வழி காட்டுகிறது. வசதி இல்லாதவர் எள்ளும் நீரும் விடலாம். அதுவும் கூடாதவர் பசுவுக்கு ஒரு நாளைக்கான புல் கொடுக்கலாம். எதுவுமே இல்லாதவர் காட்டிற்குச் சென்று இரு கைகளையும் உயர்த்தி, தம்மிடம் பொருள் இல்லை, பக்தி மட்டுமே உண்டு என்று பித்ருக்களிடம் கூறினால் போதும். அவர்கள் அதிலேயே திருப்தி அடைகின்றனர்.