மலைமேல் வோட்டுச் சாவடி

நம் அரசியலமைப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, செல்வரென்றும் வறியரென்றும், கற்றாரென்றும் கல்லாரென்றும் பாராது, 21 வயது நிரம்பிய யாவர்க்கும் வோட்டுரிமை வழங்கிற்று. 1989இல் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்னர் இம்மாகாணத்தில் வரி செலுத்துவோரும் சொத்துடையோருமே பெரும்பாலும் வோட்டளித்து வந்தனர் என்பதை எண்ணுங்கால் இம்மாறுதலின் பெருமை விளங்கும். ஆயினும், வோட்டளிக்கும் இடம் ஒருவன் வீட்டிலிருந்து எத்துணைத் தொலைவிலுள்ளது என்பதும் அவ்வுரிமையின் ஒரு கூறேயாம். தெருமுனைப் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, விரலில் மையுடன் கால்மணி நேரத்தில் திரும்பும் நகரத்தார்க்கு இது தோன்றாது. போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமலைச் சரிவில் வாழ்வோரைக் கேட்டல் வேண்டும்.

போடிநாயக்கனூர் பெயர்பெற்ற தொகுதி. ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1989இல் இத்தொகுதியிலிருந்தே. ஓ. பன்னீர்செல்வம் 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இங்கு வென்றார். ஆதலின் தேர்தற் காலத்தில் பத்திரிகைகளின் கண் இவ்வூர்மீது விழாமற் போவதில்லை. விழுவதெல்லாம் நகரத்து மேடைகளின் மீதுதான். மலையூர்களைப் பற்றி ஆண்டுதோறும் வருஞ் செய்தி ஒன்றே ஒன்று: ஊத்துக்காடு போன்ற இடங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறிச் சென்றன என்பது. அதனைப் படித்து வியந்து ஏட்டை மடித்து வைத்துவிடுகிறோம். இயந்திரம் குதிரைமேல் ஏறிச் செல்லும் பாதையில் வோட்டர் எவ்வாறு நடந்து வருகின்றனர் என்று கேட்பாரில்லை. (ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கின என்பர். தேயிலைக்குக் கிடைத்த அவ்வசதி மனிதர்க்கு இன்னும் கிட்டவில்லை.)

தேர்தல் கமிஷனுடைய விதி நல்ல விதியே. எந்த வோட்டரும் சாதாரணமாக 2 கிலோமீட்டருக்கு மேற்பட்டுச் செல்ல நேராதபடி சாவடிகளை அமைக்க வேண்டும் என்பது அது. மக்கள் அடர்த்தி குறைந்த மலைநாட்டிலும் காட்டுநாட்டிலும் இவ்விதி தளர்த்தப்படலாம். அவ்வாறு தளர்த்துமிடத்து, மக்கள் மிகுதொலைவு நடக்க நேராவண்ணம், மிகச் சில வோட்டர்களுக்கென்றே தனிச் சாவடி அமைக்கலாம் என்பதும் உடன் கூறப்பட்டுள்ளது. தளர்ச்சி எனும் முதற்பாதி எளிதில் நினைவுக்கு வரும். சிறு சாவடி எனும் பிற்பாதி மறந்துபோகும். ஒரு குடியிருப்பில் வோட்டர் தொகை குறைந்து, அதனைக் கீழூர்ச் சாவடியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு நாள் தீர்மானிக்கப்படுமாயின், ஒருவருடைய பெயரும் ஜாபிதாவிலிருந்து நீக்கப்படாமலே அக்குடியிருப்பின் கிழவர்களும் கைக்குழந்தையுடைய தாய்மாரும் வோட்டிழந்தவராவர்.

இரண்டு கிலோமீட்டர் என்பதை எங்ஙனம் அளப்பது? படத்தில் நூலிட்டு அளந்தால் ஓர் அளவு. காற்பாதையில் ஏறி இறங்கினால் வேறோர் அளவு. அகமலை ஊராட்சி போடி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குச் செல்ல விரும்புவோர் பெரியகுளம் சென்று சோத்துப்பாறை வழியே மலையேறுகின்றனர். நிருவாகத்தின் எல்லை ஒரு திசையிலும் மக்களின் பாதை மற்றொரு திசையிலும் செல்லுகின்ற இடத்தில், காகிதத்து அளவை நம்பலாகாது. மலையில் தூரத்தை நாழிகையால் அளத்தலே முறை. ஏறுவதற்கு எத்தனை மணி, இறங்குவதற்கு எத்தனை மணி, மழை பெய்தால் எந்த ஓடை மறிக்கும் என்று கேட்டெழுதிய பின்னரே சாவடியின் இடத்தை முடிவு செய்தல் வேண்டும்.

அண்மையில் சாவடிகளைப் பற்றி நடந்த விவாதமெல்லாம் தலைக்கணக்கைப் பற்றியதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொற்றுநோய் காரணமாக ஒரு சாவடிக்கு ஆயிரம் வோட்டர் என்று வரையறுத்தமையால் சாவடிகள் 88,937 ஆயின. 2024இல் அவை 68,321 ஆகக் குறைந்தன. 2025இல் கமிஷன் 1,500 என்றிருந்த உச்ச வரம்பை 1,200 ஆக்கிற்று. வரிசையில் நிற்போரின் துன்பம் இதனால் குறையுமாதலின் நாம் மகிழலாம். ஆனால், நெரிசலைத் தீர்க்கும் மருந்து தொலைவைத் தீர்க்காது. நூறு பேர் வாழும் மலைக்குடிக்கு 1,500 ஆயினென்ன, 1,200 ஆயினென்ன?

இவ்விடத்தில் பலரும் கவனியாத ஒரு சட்டத்தைச் சொல்லல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அபேட்சகரோ அவருடைய முகவரோ வாகனம் அமர்த்தி வோட்டர்களை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிச் செல்லுதல் ஊழற்செயலாகும். செல்வமுடைய கட்சி வண்டி வண்டியாய் ஆட்களை அள்ளிச் செல்லலாகாது என்பதே கருத்து; மிகவும் நேரிய கருத்து. வோட்டர்களே தமக்குள் பணம் சேர்த்து வண்டி அமர்த்திக்கொள்ளலாம், அவ்வண்டி இயந்திர விசையால் ஓடாததாயின் குற்றமில்லை என்று சட்டம் மேலும் கூறுகின்றது. மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம் எனச் சிரிக்கத் தோன்றும். கட்சிக்காரர் ஏற்றிச் செல்லலாகாது என்று விலக்கிய அரசு, மக்கள் நடக்கக்கூடிய தூரத்தில் சாவடி வைக்கும் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டதாகிறது. பஸ்ஸும் ஏறாத மலைச்சரிவில் அக்கடமை பன்மடங்காகும்.

இனி, ஏலத்தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்ப்போம். போடிச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து இடுக்கி ஜில்லாத் தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புகின்றனர். 2016இலும் 2021இலும் இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. 2019இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18, கேரளத்தில் ஏப்ரல் 23. 2024இல் இங்கு ஏப்ரல் 19, அங்கு ஏப்ரல் 26. நாட்கள் வேறானபோது இங்கு வோட்டு நாளாயிருக்க, அங்குத் தோட்டத்தில் வேலை நாளாயிருக்கிறது. கூலிக் குறைவின்றி விடுமுறை அளிக்க வேண்டுமென்று 135பி பிரிவு கட்டளையிடுகிறது. நாட்கூலிக்காரர்க்கும் அவ்வுரிமை உண்டு. மீறும் முதலாளிக்குரிய தண்டமோ 500 ரூபாய்க்கு மேற்படாது! அதனை அஞ்சி நடப்பார் எவர்? மற்றும், இரண்டிடத்தும் வோட்டளிப்பவர் என்ற ஐயமும் இவ்வேழைகள்மீதே முதலில் விழுகின்றது. ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அதில் விலக்கு வேண்டுவோர் நாமல்லேம். ஆனால் தற்காலிகமாக வெளியூர் சென்றிருத்தலால் மட்டும் ஒருவர் சொந்த ஊர்க் குடியுரிமையை இழப்பதில்லை என்பதும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியே. பகலில் வீடு பூட்டியிருந்தது என்பதைக்கொண்டு குடி பெயர்ந்தார் எனக் குறிப்பது நியாயமாகாது.

சாவடி மூடுதல் நம் நாட்டுக்கே உரிய வினாவன்று. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ராண்டால்ப் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாய் வாழும் நாட்டுப்புறப் பகுதியில், 2018இல் ஒன்பது சாவடிகளில் ஏழனை மூட யோசனை எழுந்தது. கட்டடங்கள் ஊனமுற்றோர்க்கு ஏற்றவையல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். இரக்கத்தின் பெயரால் எத்தனை கதவுகள் அடைபடுகின்றன, பாருங்கள்! ஊரார் திரண்டு எதிர்த்தமையால் அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அவர்கள் வென்றதற்குக் காரணம், யோசனை தீர்மானமாகுமுன் அதனை அறிந்தமையே.

சிலருக்காக இத்துணைச் செலவு வேண்டுமா என்பார் உளர். அருணாசலப் பிரதேசத்து மலோகாமில் ஒரே ஒரு வோட்டருக்காக அதிகாரிகள் 2019இலும் 2024இலும் மலைவழி நடந்து சென்று சாவடி அமைத்தனர். ஒருவருக்குச் செய்தது நூறு பேருக்குக் கூடாதென்பது பொருந்தாது. வலிமையான மறுப்பு வேறொன்றுண்டு. சாவடிவாரியாக எண்ணிக்கை வெளியிடப்படுவதால், சிறு சாவடியில் அக்குடியிருப்பார் எவருக்கு வோட்டளித்தனர் என்பது வெளிப்பட்டுவிடும். தோற்றவர் பகைப்பர், வென்றவர் புறக்கணிப்பர். இது மெய்யான அச்சம். பல சாவடிகளின் வோட்டுகளைக் கூட்டி ஒருசேர எண்ணுங் கருவியைக் கமிஷன் 2008இலேயே பரிந்துரைத்தது; சட்டக் கமிஷனும் 2015இல் அதனை ஆதரித்தது; சர்க்கார் ஏற்கவில்லை. ஆக, இரகசியத்தைக் காக்க வழியுள்ளபோது, அதைக் காரணங்காட்டிச் சாவடியைக் கீழிறக்குதல் தகாது.

85 வயது கடந்தோரும் கடும் ஊனமுற்றோரும் வீட்டிலிருந்தே வோட்டளிக்கும் ஏற்பாடு இப்போது உள்ளது. 70 வயதில் முழங்கால் வலியோடு மலையிறங்க வேண்டிய மூதாட்டிக்கு அது உதவாது.

சாவடிகளின் வரைவு ஜாபிதாவை ஜில்லாத் தேர்தல் அதிகாரி வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, கட்சிப் பிரதிநிதிகளோடு கூடி ஆராய்ந்த பின்னரே கமிஷனின் சம்மதத்திற்கு அனுப்புகிறார். கட்சிப் பிரதிநிதிகளோ பெரும்பாலும் நகரவாசிகள். குரங்கணிக்கு மேலே எந்த வழி எத்தனை மணி நேரம் என்று அவர் அறியார். ஆகவே மலையூராட்சிகளில் அவ்வரைவைக் கிராம சபையில் உரக்கப் படித்து, ஊராரின் சொல்லைப் பதிவு செய்து அனுப்புதல் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று சபை கூடும் நாட்கள் உள்ளன. இப்பத்திரிகையைப் படிப்போருள் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து மாணவரும் இருப்பர். விடுமுறையில் ஊர் செல்வோர் அந்த ஜாபிதாவைக் கேட்டு வாங்கி, சாவடி ஒவ்வொன்றிற்கும் மேலூரிலிருந்து ஒருமுறை நடந்து பார்த்து, புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்து, ஆட்சேப நாள் கழியுமுன் தாசில்தார் கையில் எழுத்து மூலம் கொடுப்பாராக.