மழையின் மேல் பழி, ஏழையின் மேல் சுமை



மின்சாரம் போனால் பாலாநகர் பட்டறையில் லேத் நிற்கும். லேத் நின்றால் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் நம்மவர் கூலியும் நிற்கும். ஏனென்று கேட்டால், "மழையில் நிலக்கரி நனைந்தது, வெயிலில் தேவை கூடியது" என்பார்கள். மேலும் கேட்டால் "உலகச் சந்தை" என்று கைவிரிப்பார்கள். இதை நாம் ஏற்கலாமா?

மழை சுரங்கத்தை முடக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2022 ஜூலை மழையில் நம் சிங்கரேணித் திறந்தவெளிச் சுரங்கங்களிலேயே வேலை நின்றது. ஆனால் 2021-ல் நடந்தது என்ன? அந்த ஏப்ரலில் கோல் இந்தியாவின் சுரங்க வாயில்களில் சுமார் 10 கோடி டன் குவிந்து கிடந்தது. மழைக்கு முன்பே அதை அனல் நிலையங்களில் சேர்த்திருக்க வேண்டும். போதிய அளவு சேர்க்கவில்லை. அக்டோபரில் நிலையங்களின் கையிருப்பு சராசரி 4 நாளுக்குத்தான் இருந்தது. பருவமழை என்ன, சொல்லாமல் வந்த விருந்தாளியா?

2022 ஜனவரியில் இந்தோனேசியா, தன் மின்நிலையங்களுக்கே கரி போதாதென்று ஏற்றுமதியை நிறுத்தியது. பிப்ரவரியில் உக்ரைன் போர். பிறகு ஆஸ்திரேலியாவில் வெள்ளம். 2021 தொடக்கத்தில் டன் 80 டாலரை ஒட்டியிருந்த ஆஸ்திரேலிய நியூகாசில் துறைமுக விலை 400 டாலரைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்துத்தான், 10 விழுக்காடு வெளிநாட்டுக் கரி கலக்க வேண்டுமென்று மத்திய அரசு மாநிலங்களை நெருக்கியது. கூடுதல் செலவை மத்திய அரசே ஏற்கட்டும் என்றது அகில இந்திய மின் பொறியாளர் சம்மேளனம். ஆகஸ்டில் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. ஆனால் டிசம்பரிலேயே, எரிபொருள் விலையேற்றத்தை மாதாமாதம் தானாகக் கட்டணத்தில் ஏற்ற விதி வந்தது!

2022 ஏப்ரல் இறுதியில் கரி வண்டிகளுக்கு வழிவிட, 650-க்கும் மேற்பட்ட பயணி வண்டி நடைகளை ரத்து செய்தார்கள். ரயில்வேயில் பேனா பிடிக்கும் நாம் வேகனின் அவசரத்தை அறிவோம். கரி போகத்தான் வேண்டும். ஆனால் பாதையும் வேகனும் போதாத குறைக்கு, மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் நின்ற கூலிக்காரனா பொறுப்பு?

நாம் கேட்பது மூன்று. மழைக்கு முன்பே நிலையங்களில் கரியை நிரப்பு! தொழிலாளர் ஏறும் பாசஞ்சர் வண்டியில் கை வைக்காதே! திட்டமிடாத குற்றத்தின் செலவை எங்கள் கட்டணத்தில் ஏற்றாதே!

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுக் கரண்டு பில்லையும் கையோடு கொண்டு வாருங்கள். எரிபொருள் பெயரில் ஏதேனும் ஏறியிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். மழையைக் கேள்வி கேட்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேட்க முடியும். கேட்போம்!