எட்டு ஆண்டுகள் காத்திருந்து பார்த்த படம்

போன தீபாவளியன்று மதியம், பூச்சோங் பதினான்காம் கட்டையில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டில் வழக்கமான காட்சிதான். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் இட்டிலியும் உள்ளே போன பிறகு ஆண்கள் எல்லாம் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டோம். தொலைக்காட்சியில் 'எந்திரன்' ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது முறை என்று யாரிடமும் கணக்கில்லை. சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் பிடித்து வர சிட்டி புறப்படும் காட்சி வந்ததும், என் எட்டு வயது மகள் தரையில் விழுந்து சிரித்தாள்.

அக்கா மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். 2010இல் இதே காட்சிக்கு இப்படியே சிரித்தவன் அவன். அப்போது ஒன்பது வயது. இப்போது ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கைகளைப் பழுது பார்க்கும் வேலை. அந்த வேலைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் சிட்டிக்குப் பங்குண்டு. காலி மைலோ டின்களையும் சப்பாத்துப் பெட்டியையும் ஒட்டி அவன் ஒரு சிட்டி செய்து வைத்திருந்தான். அக்கா வீடு மாறும்போது அதைத் தூக்கிப் போட, மூன்று நாள் அவரிடம் அவன் பேசவில்லை.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு 'எந்திரன்' மீது தனி உரிமை உண்டு. அந்தப் படத்தின் பாடல்கள் வெளியிடப்பட்டது நம் புத்ராஜெயாவில்தான். 2010 ஜூலை 31, அனைத்துலக மாநாட்டு மையத்தில். ரஜினி, ஐஸ்வர்யா ராய், ஷங்கர், ஏ.ஆர். ரஹ்மான் எல்லாரும் வந்திருந்தார்கள். பூச்சோங்கிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். எனக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை. இருந்தாலும் அக்கா மகனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மையத்துக்கு அருகே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏரிக்கரையில் சாத்தே வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். "ரஜினி நம்மளப் பாத்திருப்பாரா மாமா?" என்று வழியெல்லாம் கேட்டான். "பாத்திருப்பாரு" என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அந்தப் படமே பல ஆண்டுக் காத்திருப்பில் பிறந்ததுதான். 2000ஐ ஒட்டிய காலத்திலேயே கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்து ஷங்கர் ஒத்திகைப் படங்கள் எடுத்துப் பார்த்தார். அது நின்றது. பிறகு ஷாருக் கானிடம் போனது. அதுவும் நின்றது. கடைசியில் 2008இல் ரஜினி ஒப்புக்கொண்டார். கதையோடும் வசனத்தோடும் தொடக்கத்திலிருந்து இருந்த எழுத்தாளர் சுஜாதா, அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகிவிட்டார். மீதி வசனத்தில் மதன் கார்க்கியும் கைகொடுத்தார். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நமக்கு அறிமுகப்படுத்தியவர் சுஜாதா. இயந்திரத்துக்கு ஒரு குணம் கொடுத்துவிட்டால் வாசகன் அதன் பின்னால் வந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். சிட்டியிடம் அந்தக் கைவண்ணம் தெரிகிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அடுக்குமாடி தீப்பிடித்து எரிகிறது. சிட்டி உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்பது அதன் கணக்கு. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டு இறந்து போகிறாள். வெட்கம் என்றால் என்னவென்று தெரியாத ஒன்றிடம் உயிரை ஒப்படைக்கலாமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் படத்தின் மிச்சம் முழுதும் வருகிறது. சிட்டிக்கு உணர்ச்சி கற்பிக்கிறார்கள், உணர்ச்சி வந்ததும் காதலிக்கிறது, காதல் கிடைக்காததும் கெட்டுப் போகிறது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி தன் கையைத் தானே கழற்றி வைக்கிறது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருண்டு வந்த காட்சிகள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. அந்தக் கழற்றும் காட்சி அப்படியே இருக்கிறது. திரையரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் சத்தமில்லாமல் அழுதான்.

இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

படத்துக்கு '2.0' என்று பெயர் வைத்தார்கள். எதிர்நாயகனாக நடிக்க அர்னால்ட் சுவார்செனேகருடன் பேச்சு நடந்தது. கடைசியில் அக்ஷய் குமார் வந்தார். 2016 நவம்பரில் மும்பையில் முதல் தோற்றத்தை வெளியிட்டார்கள். 2017 தீபாவளிக்கு வரும் என்றார்கள், வரவில்லை. 2018 ஜனவரி என்றார்கள். வரைகலை வேலை முடியவில்லை என்று அதுவும் தள்ளிப்போனது. நடுவில் அமெரிக்காவில் ஹாலிவுட் மலை அருகே நூறு அடி உயர வெப்பக்காற்றுப் பலூனில் படத்தின் விளம்பரம் பறந்தது. பாடல் வெளியீடு இந்த முறை துபாய்க்குப் போய்விட்டது. எங்கள் தாமானில் சிலருக்கு அதுவே மனத்தாங்கல்.

அந்த நாள்களில் நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மாமாக் கடையில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் செலவைப் பற்றித்தான். 500 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதாம், முழுக்க முப்பரிமாணக் கேமராவிலேயே எடுத்தார்களாம், இந்தியாவில் இதுவரை யாரும் இப்படிச் செலவழித்ததில்லையாம். ரிங்கிட்டில் எவ்வளவு வரும் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டவரும் உண்டு. சிட்டி எப்படித் திரும்ப வரும், வந்தால் என்ன நினைக்கும் என்று பேசியவன் அக்கா மகன் ஒருவன்தான். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகமே இருந்தது. முதல் படம் முடியும்போது அருங்காட்சியகத்தில் சிட்டி நிற்கும் ஆண்டு 2030. அப்படியானால் இரண்டாம் பாகம் அதற்குப் பிறகா, முன்பா என்று எழுதி வைத்திருந்தான்.

படம் 2018 நவம்பர் 29, வியாழக்கிழமை வெளியானது. அவனுக்கு அப்போது எஸ்பிஎம் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அக்கா ஒரே பிடியாக நின்றார்.

"படம் எங்கயும் ஓடிப்போயிராது தம்பி. பரீட்சை போயிரும்."

"மூணு மணி நேரந்தானே அக்கா. நான் கூட்டிட்டுப் போயி கையோட கொண்டாந்து விட்டுடறேன்."

"தாள் கெட்டுச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

சனிக்கிழமை இரவுக் காட்சிக்குப் போனோம். அரங்கு நிறைந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே அசத்தல். சென்னையில் எல்லார் கையிலிருந்தும் கைப்பேசிகள் பிடுங்கிக்கொண்டு பறக்கின்றன. அவை ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து சாலையில் வெள்ளமாக ஓடுகின்றன. பின்வரிசைக் குழந்தைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். நானும் ஒரு முறை தலையைக் குனிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படம் முடிந்து மாமாக் கடைக்குப் போனோம். மைலோ ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"எப்படிடா?"

"நல்லா இருந்துச்சு மாமா."

கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடங்கினான். "தன்னைத் தானே கழட்டிப் போட்ட ஒருத்தன திரும்ப எழுப்புறாங்க. அவனுக்கு எப்படி இருக்கும்? அதக் காட்டவே இல்லையே மாமா. சண்டைக்கு ஆள் வேணும்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு."

அவன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. சனா இந்தப் படத்தில் தொலைபேசியில் ஒரு குரலாக மட்டும் வருகிறாள். முதல் படத்தின் காயம் முழுவதும் அவளைச் சுற்றித்தான். சிட்டிக்குத் துணையாக நிலா என்ற பெண் இயந்திரத்தைக் கொடுத்தார்கள். எமி ஜாக்சன் அழகாகவே இருந்தார். ஆனால் எட்டு ஆண்டுகள் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது பதிலாகவில்லை. இன்னொன்று, முதல் படத்தில் இயந்திரம் என்ன செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே இறந்த மனிதரின் ஆவியும் இறந்த பறவைகளின் ஆவியும் ஒளிச்சக்தியாகச் சேர்ந்து கைப்பேசிகளை ஆட்டுகின்றன. அறிவியல் சட்டை போட்ட பேய்க்கதை. கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் அழிகின்றன என்பதும் அறிவியலில் உறுதியாக நிறுவப்பட்ட செய்தி கிடையாது. இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது.

படத்துக்கு நியாயமும் செய்யவேண்டும். அக்ஷய் குமார் நடித்த பட்சிராஜன் என்ற முதிய பறவை ஆய்வாளரின் முன்கதை நல்ல கதை. பார்த்ததும் சலீம் அலி நினைவுக்கு வருகிறார். மனு எழுதி, ஊர்வலம் போய், எங்கும் காது கொடுப்பார் இல்லாமல் தனித்துப்போன கிழவர் அவர். 'புள்ளினங்காள்' பாடல் 2016இல் நம்மை விட்டுப் போன நா. முத்துக்குமார் எழுதியது. அந்த இருபது நிமிடத்தில் படத்துக்கு இதயம் இருந்தது. அது சிட்டியிடம் இல்லாமல் எதிராளியிடம் இருந்ததுதான் சங்கடம்.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் உரியதில்லை. 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் 1983க்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1998இல் முன்னோட்டம் வெளிவந்தபோது, அதற்காகவே வேறொரு படத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள். 1999 மே மாதம் படம் வந்தது. கூட்டம் கூடியது, வசூல் கொட்டியது, கூடவே கோபமும் வந்தது. அந்தக் கோபம் விழுந்தது ஜார் ஜார் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட் என்ற இளைஞர்மீது. உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குத் தாம் போனதை அவர் 2018இல்தான் வெளியே சொன்னார். 2023இல் அதே தொடரின் வரிசையில் ஒரு வீரனாக அவர் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன.

அந்த இரவு மாமாக் கடையில் அக்கா மகன் யாரையும் திட்டவில்லை. ஷங்கரை, ரஜினியை, யாரையும். எனக்கு அதுதான் கொஞ்சம் கவலையாக இருந்தது. திட்டினால் ஆறிவிடும். அவன் வீட்டுக்குப் போய் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டான் என்று அக்கா பிறகு சொன்னார். தேர்வில் நன்றாகத்தான் செய்தான்; நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. ஆனால் 2024 ஜூலையில் அதே ஷங்கரின் 'இந்தியன் 2', இருபத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்தபோது, முதல் நாளே போகலாமா என்று கேட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க மாமா" என்றான்.

சரி, தீபாவளிக்கு வருவோம். 'எந்திரன்' முடிந்தது. சிட்டி கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தபோது என் மகள் சிரிப்பதை நிறுத்தி, நகர்ந்து வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் கேட்டாள்.

"அத்தான், இதுக்கு ரெண்டாவது படம் இருக்கா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கு."

"சிட்டி வருமா?"

"வரும். கைப்பேசியெல்லாம் பறக்கும். பறவைத் தாத்தா ஒருத்தர் வருவாரு, அவர உனக்குப் பிடிக்கும்."

"இப்பவே போடுங்க."

அவன் எழுந்து ரிமோட்டைத் தேடினான். சமையலறையிலிருந்து அக்கா, தேநீர் யாருக்கெல்லாம் வேண்டும் என்று சத்தம் போட்டார். ரிமோட் சோபா இடுக்கில் கிடந்தது. படத்தைப் போட்டுவிட்டு அவனும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.